பட்டப்பகலில் இரண்டு டியூப்லைட்

என் கணவர் ஒருமுறை இறந்திருக்கிறார். காஷ்மீர்ப் பக்கம் ஏதோ ஒரு மலைமேல் நல்ல ஆரோக்கியத்தோடு சப்பாத்தி தின்றுகொண்டிருந்த நேரத்தில், அவருக்கே தெரியாமல் ராஜபாளையத்தில் இறந்துவிட்டார். அவரைக் கொன்றது எதிரிப் படை அல்ல. இரண்டு டியூப்லைட். அவற்றை வாடகைக்கு எடுத்து வீட்டு வாசலில் கட்டச் சொன்னது நான்.

(இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதுகிறேன். எதையும் இரண்டு தடவை யோசித்துச் செய்கிறவள் நான். அன்றைக்கும் ஒவ்வொரு காரியத்தையும் இரண்டு தடவை யோசித்துத்தான் செய்தேன். அதுதான் வயிற்றெரிச்சல்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். அவர் பட்டாளத்தில். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், வீட்டில் இருக்கிற டப்பா மூடிகளையெல்லாம் இறுக்கி மூடிவிட்டுப் போவார். மிச்ச நாட்களில் நானும் இரண்டு வயது மகளும். வாடகை வீடு. காலையில் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்பேன். ராத்திரி குழந்தையிடம் "தூங்கு" என்பேன். இடையில் பேச ஆள் கிடையாது. தெருவில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்குள் பல வருடப் பழக்கம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவள், பட்டாளத்தான் பெண்டாட்டி, போதாக்குறைக்குப் பௌதிகப் பட்டதாரி. "படிச்ச புள்ள, நம்மகிட்ட என்ன பேசப் போகுது" என்று அவர்கள் ஒதுங்கினார்கள். நான் போய்ப் பேசினால் தப்பாக நினைப்பார்களோ என்று நான் ஒதுங்கினேன். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன்.

எனக்குத் துணை என்று சொன்னால் தையல் மிஷின்தான். செட்டியார்பட்டிப் பக்கம் நைட்டி தைக்கிற இடங்களில் மிஞ்சும் துணியை எடை போட்டு வாங்கி வந்து குழந்தைகளுக்கு ஃபிராக் தைப்பேன். கழுத்தில் லேஸ், இடுப்பில் சுருக்கம், முதுகில் பெரிய வில் முடிச்சு. என் மகள்தான் ஒரே வாடிக்கைக்காரி. பணம் தரமாட்டாள், அதோடு துணியைக் கடிப்பாள்.

அப்போதுதான் மல்லிகா அக்காவின் கடிதம் வந்தது. அவர் என் கணவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி. டெல்லியில் பட்டாளத்துக் குடியிருப்பில் இருந்தார். "நீ தைக்கிற ஃபிராக்கைப் போட்டோ எடுத்து அனுப்பு. இங்கே லேடீஸ் எல்லாம் பார்த்து ஆர்டர் சொல்வார்கள். போட்டோ பளிச்சென்று இருக்கட்டும். கலர் போட்டோ" என்று எழுதியிருந்தார்.

இந்தச் சமாசாரத்தை என் கணவருக்கு எழுதினேன். அவருடைய பதில் நாலே வரி. "ஆர்டர் கிடைத்தால் ராஜபாளையத்திலேயே இரு. கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் வத்திராயிருப்புக்கு அம்மாவிடம் போய்விடு. நீ தனியாகக் கிடக்கிறாய் என்று நினைத்தால் எனக்கு இங்கே தூக்கம் வரமாட்டேன் என்கிறது."

வத்திராயிருப்பு வீடு நல்ல வீடு. தென்னை, மா, மாடு, பெரிய குடும்பம். ஆனால் ஒருமுறை அங்கே தையல் மிஷினை எங்கே வைக்கலாம் என்று நான் கேட்டபோது, மாமியார் சற்று யோசித்து மாட்டுக் கொட்டகையைக் காட்டினார். (அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த வீட்டில் காற்றோட்டமான இடம் அதுதான்.) ஆக, என் மிஷின் என்னோடு இருக்குமா, மாடுகளோடு இருக்குமா என்பது அந்தப் போட்டோக்களைப் பொறுத்து இருந்தது.

கேமரா இருந்தது. அவர் பட்டாளத்துக் கேன்டீனில் வாங்கியது. ஆனால் ஃபிளாஷ் செத்துப்போயிருந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே 'கீ' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், வெளிச்சம் வராது. தெருவில் வெயிலில் வைத்து எடுக்கலாம் என்றால் புழுதி, காற்று, நாய். வீட்டுக்குள் இருட்டு. முன்னறையில் இருந்த குண்டு பல்பில் வெள்ளைத் துணி மஞ்சள் காமாலை வந்தது மாதிரி இருக்கும். பெரிய பல்பு போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் தொங்கிய லேஸ் பொசுங்கியது. ஸ்டூடியோவில் கேட்டேன். "சட்டைக்குள்ள ஆள் இருந்தாத்தான்மா எடுப்போம்" என்று சொல்லிவிட்டார்கள்.

நான் படித்த பௌதிகம் அப்போது கைகொடுத்தது. ஒளி தரும் பொருள் நீளமாக இருந்தால் நிழல் மெத்தென்று விழும் என்று படித்திருக்கிறேன். நீளமான வெளிச்சம் என்றால் டியூப்லைட். கல்யாண வீடுகளில் சவுக்குக் கம்பில் கட்டி நிறுத்துவார்களே, அது. எந்த மைக்செட் கடையிலும் வாடகைக்குக் கிடைக்கும். சல்லிசு. இந்த யோசனை எனக்கு வந்தபோது நானே என்னை மெச்சிக்கொண்டேன். அதைச் செய்ய வேறு ஆளும் இல்லையே.

மைக்செட் கடை காதர் பாயுடையது. நான் போனபோது கடையில் மெதுவாக ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ரெண்டு டியூப்லைட்டு வேணும். கம்போட. ஒருநாளைக்கு மட்டும்."

"கட்டிருவோம் தங்கச்சி. மைக்கு? ரேடியோ?"

"பாட்டெல்லாம் வேண்டாம்ண்ணே."

பாய் நிமிர்ந்து பார்த்தார். "சீரியல் பல்பு?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். வெறும் வெள்ளை லைட்டு போதும். ஒரு பெஞ்சும் வேணும்."

"எம்புட்டு நீளம்மா?"

ஐந்து ஃபிராக்குகளை வரிசையாகப் பரப்ப வேண்டும். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "ஒரு ஆள் நீளம் இருக்கட்டும்ண்ணே."

பாய் எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினார். திரும்பி வந்து தணிந்த குரலில் கேட்டார். "வீட்டுக்காரர் பட்டாளத்துலதான இருக்காக?"

"ஆமாண்ணே. காஷ்மீர்ல." சொல்லும்போது என் கை தானாகத் தாலியைப் பிடித்தது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் எனக்கு எப்போதும் அப்படித்தான் ஆகும். "வாடகை எம்புட்டுண்ணே?"

"அதைப் போயி இப்பக் கேட்டுக்கிட்டு! பொறவு பாத்துக்கலாம். நீ வீட்டுக்குப் போம்மா. நான் எல்லாம் பாத்துக்கிடுதேன்."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை நான் செய்த ஏற்பாடுகளை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அறிவியல் காரணம் உண்டு.

குழந்தை துணியைக் கடிப்பாள் என்பதால் அவளை எதிர்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் விட்டேன். (அவர்களுக்கு வீட்டில் தெலுங்கு. என்னை 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார். பெண்ணே என்று அர்த்தம்.) ஸ்டவ் புகை துணியில் பிடிக்கும் என்பதால் அடுப்புப் பற்றவைக்கவில்லை. முன்னறையில் இடம் வேண்டும் என்பதால் கட்டில், நாற்காலி, பெட்டி எல்லாவற்றையும் தூக்கித் தெருவில் போட்டேன். கட்டியிருக்கும் சேலையின் நிறம் ஃபிராக்கில் பிரதிபலிக்கும் என்பதால் வெள்ளைச் சேலை உடுத்தினேன். தலைக்குக் குளித்திருந்ததால் கூந்தலை விரித்துப் போட்டிருந்தேன்.

பின்னணிக்கு அவருடைய எட்டு முழ வேட்டியைச் சுவரில் மாட்ட வேண்டும். புது ஆணி அடிக்க வீட்டுக்காரம்மா விடமாட்டார். அந்தச் சுவரில் இருந்த ஒரே ஆணியில் அவருடைய படம் தொங்கியது, ராணுவ உடுப்பில். அதைக் கழற்றித் துடைத்து வாசலில் ஒரு ஸ்டூலின் மேல் சாய்த்து வைத்தேன். கையில் அன்றைக்கு வாங்கிய மல்லிகைச் சரம் இருந்தது. தலை காயவில்லை. எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்தேன். இரண்டாவது கணமும் யோசித்தேன். பிறகு படத்தின் மேல் போட்டேன்.

எந்தப் பெண்ணாவது இதைச் செய்வாளா என்று கேட்காதீர்கள். இத்தனை வருடமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாயே ஆளோடு வந்தார். கம்புகள் என் கூரையை விட உயரம். உள்ளே நிற்காது என்பதால் வாசல் நிலைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி, டியூப்பை உள்பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டினார். ஸ்டூலில் இருந்த படத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "தைரியமா இரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டோ எடுக்கப் பயப்படுகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாரே என்று ஆச்சரியப்பட்டேன்.

அவர் போனதும் கரண்ட் போனது.

மூன்று மணிவரை வரவில்லை. நான் வாசற்படியில் வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாக, கன்னத்தில் கை வைத்துத் தெருவையே பார்த்து உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் நடையைத் தளர்த்தினார்கள். ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைக் கடந்த பிறகு ஏறிப் போனார். படித்த பெண்ணுக்கு இந்தத் தெருவில் மரியாதை கூடியிருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. டியூப்கள் நாலைந்து முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தன. கோயில் மண்டபம் மாதிரி என் முன்னறை வெளுத்தது. பெஞ்சில் ஃபிராக்குகளைப் பரப்பி, கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

வாசலில் சத்தம் கேட்டுக் கேமராவோடு திரும்பினேன். கேமராவுக்குள் வீட்டுக்காரம்மா தெரிந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதபடி வந்துகொண்டிருந்தார்.

"அய்யோ அம்மாயி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! புள்ளையக் குடுக்கும்போது கூடச் சிரிச்சுக்கிட்டே குடுத்தியே!"

எனக்குப் புரிந்த ஒரே காரணம் சுவர்தான். "ஆணி அடிக்கலம்மா" என்றேன். "சத்தியமா. இருந்த ஆணியிலதான் மாட்டியிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் வந்தவர்களிடம் சொன்னார். "பித்துப் பிடிச்சுப் போச்சே புள்ளைக்கு! ஆணியைப் பத்திப் பேசுதே!"

அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. அந்தத் தெருவில் இத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒருத்தி என் தலையைத் தன் தோளில் அழுத்தி, "அழுதுரு தாயி, அடக்கி வைக்காத, அழுதுரு" என்றாள். யாரோ என் முதுகைத் தடவினார்கள். ஒரு வருடத்தில் என் மகளைத் தவிர வேறொருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஒன்றும் புரியாமலே எனக்கு அழுகை வந்தது.

பிறகுதான் கவனித்தேன். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து அழுதார்கள். வாசல் ஸ்டூலில் அவர் படம். அதன்மேல் பூ.

என் மூளை அந்த நேரத்தில் மிக வேகமாக வேலை செய்தது. தப்பான திசையில். பட்டாளத்திலிருந்து தந்தி வந்தால் அவருடைய சொந்த ஊர் முகவரிக்குத்தான் போகும். வத்திராயிருப்புக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது. பாயும் அதனால்தான் 'தைரியமா இரு' என்று சொல்லியிருக்கிறார்.

பெஞ்சின் மேல் விழுந்து கதறினேன். (விழுவதற்கு முன் ஃபிராக்குகளைக் கசங்காமல் ஓரமாகத் தள்ளினேன் என்று வீட்டுக்காரம்மா பின்னாளில் எல்லோரிடமும் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. செய்திருப்பேன்.) நான் கதறியதைப் பார்த்ததும், ஓரமாக நின்று சந்தேகத்தில் இருந்த ஒன்றிரண்டு பேரும் அழ ஆரம்பித்தார்கள்.

அப்போது தெருமுனையில் இன்னொரு குரல். என் மாமியார். வத்திராயிருப்பிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, செருப்பில்லாமல் ஓடி வருகிறார். பின்னால் என் கொழுந்தன் முருகன். அத்தையைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போனது. பெற்றவளே வந்துவிட்டாளே!

அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார். "ஏட்டி செல்வி, தந்தியில என்னட்டி எழுதியிருக்கு?"

"தந்தி உங்களுக்குத்தான அத்தை வந்துச்சு?"

"எனக்கு எங்க வந்துச்சு? உனக்குத்தான வந்துச்சு!"

"எனக்கு வரலையே அத்தை."

அழுகை ஒவ்வொரு வாயாக நின்றது.

"பொறவு ஒனக்கு யாருட்டி சொன்னா?"

"இவங்கல்லாம் அழுதாங்க அத்தை..."

"பஸ்ஸு கண்டக்டருல்லா எங்கிட்டச் சொன்னாரு! அவருக்கு யாரு சொன்னா?"

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற காதர் பாய் கைகளைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நாந்தாம்மா சொல்லிவிட்டேன். ஆனா எறந்துட்டாகன்னு சொல்லல. வீட்டுல லைட்டு கட்டியிருக்கு, அவிய அம்மாவுக்குத் தகவல் சொல்லிருங்கன்னுதான் சொன்னேன்."

"லைட்டு கட்டச் சொன்னது யாரு?"

பாய் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன்.

"எதுக்குட்டி?"

"ஃபிராக்கைப் போட்டோ எடுக்க."

வீட்டுக்காரம்மா பெஞ்சின் ஓரத்தில் கிடந்த ஃபிராக் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். முதுகில் பெரிய வில் முடிச்சு.

இத்தோடு சிரித்துவிட்டுக் கலைந்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. அத்தை கொழுந்தனைப் பார்த்து, "முருகா, சைக்கிள் வாங்கிட்டுப் போயி தந்தி ஆபீசுல ஒரு எட்டு கேட்டுட்டு வாலே" என்றார். அவன் போனான்.

அவன் திரும்பி வரும்வரை நாங்கள் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் என்னால் வந்த குழப்பம் என்று எனக்குத் தெரியும். சாவு வீட்டுக்குக் கட்டுகிற மாதிரியே லைட்டைக் கட்டச் சொன்னது நான், பூவைப் போட்டது நான். ஆனாலும் நெஞ்சு நம்ப மறுத்தது. ஒருமுறை அழுதுவிட்டால், அழுகைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, வாசல்ல சைக்கிள் மணி கேட்டா ஒனக்கும் இப்படித்தான் இருக்குமா?"

"தினமும் அத்தை."

"எனக்கும்" என்றார்.

கல்யாணமாகி அத்தனை நாளில் நாங்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று சொல்வேன். மற்றதெல்லாம் உப்பு, புளி.

முருகன் வந்தான். சைக்கிளை நிறுத்தாமலே கத்தினான். "ஒண்ணும் வரலையாம்மா! அண்ணன் பேருக்கு ஒண்ணுமே இல்லையாம்!"

அத்தை முதலில் செய்த காரியம், என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தது. இரண்டாவது, ஸ்டூலில் இருந்த படத்தை எடுத்துப் பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டது. "எம்மவன உசுரோட வாசல்ல வச்சுட்டியேட்டி, பட்டணத்துப் படிப்புக்காரி!" (ஸ்ரீவில்லிபுத்தூர் அவருக்குப் பட்டணம்.)

பிறகு ஒரு பிரச்சினை எழுந்தது. சாவு வீட்டுக்கு வந்து போனால் தலை முழுக வேண்டும். சாவு இல்லாத சாவு வீட்டுக்கு வந்தால்? பெண்கள் தீவிரமாக விவாதித்தார்கள். "குளிச்சா அவரு செத்ததா ஆயிரும். குளிக்கக்கூடாது" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். "கண்ணீரு விட்ட யாரும் கைய நனைக்காமப் போகக்கூடாது. நல்ல சோறு தின்னுட்டுத்தான் போகணும். அடுப்ப மூட்டு!" அவரவர் வீட்டிலிருந்து அரிசியும் காய்கறியும் வந்தன. தெருவில் கிடந்த என் கட்டிலில் உட்கார்ந்து நாலு பேர் வெங்காயம் உரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தபோது ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

காதர் பாய்தான் பாவம், ஓரமாகவே நின்றார். கடைசியில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "தங்கச்சி, இப்பயாவது பாட்டுப் போடவா? வாடகை வேண்டாம்."

ஒலிபெருக்கி வந்தது. தெருவே அதிரும்படி ஒரு கல்யாணப் பாட்டைப் போட்டார். அந்தப் பாட்டு உச்சத்தில் ஓடும்போதுதான், செய்தி கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாடகைக் காரில் என் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் துண்டோடு, கண் கலங்கி இறங்கினவர், வாசலில் நடப்பதைப் பார்த்தார். உள்ளே நான் சிரித்துக்கொண்டு பரிமாறுகிறேன். என் மாமியார் வாய் நிறையச் சோற்றோடு, "வாங்க சம்பந்தி, சாப்பிடுங்க" என்றார். அப்பா காரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையை நான் விவரிக்க விரும்பவில்லை. என் பித்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவரே முடிவு கட்டியிருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் அத்தை சொன்னார். "என்னமோ போட்டோ எடுக்கணும்னியே. எடுட்டி. லைட்டு சும்மாதான எரியுது?"

ஆளுக்கொரு ஃபிராக்கைக் கையில் தூக்கிப் பிடித்து நின்றார்கள். அழுது வீங்கிய கண்கள், சிரித்த வாய். வேட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். ரோல் தீரும்வரை எடுத்தேன்.

அப்பாதான் ரோலை எடுத்துப்போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் கழுவக் கொடுத்தார். போட்டோ வந்தபோது எல்லாமே பச்சை. டியூப்லைட் வெளிச்சம் கண்ணுக்கு வெள்ளை, ஃபிலிமுக்குப் பச்சையாம். (என் பாடப்புத்தகம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.) வேட்டி பாசி பிடித்த குளம். அத்தையின் முகம் கீரை. வெள்ளை ஃபிராக் இளம் தளிர் நிறத்தில் இருந்தது. அழுதுவிட்டு, வேறு வழியில்லாமல் அதையே டெல்லிக்கு அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "எல்லோருக்கும் அந்த இளம் பச்சை ஃபிராக் பிடித்துவிட்டது. வேறு எதுவும் வேண்டாமாம். பச்சையே அனுப்பு. பின்குறிப்பு: ஃபிராக் பிடித்திருக்கும் பெண்கள் ஏன் அழுதிருக்கிறார்கள்?"

அப்படி ஒரு பச்சைத் துணி உலகத்தில் இல்லை. போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் வெள்ளைத் துணி வாங்கி நானே வீட்டில் சாயம் முக்கினேன். எங்கள் வீட்டில் இன்றும் அந்த நிறத்துக்குப் பெயர் 'சாவுப் பச்சை'. டெல்லியில் சொல்லவில்லை.

தை பிறந்தது. ஆர்டர் கிடைத்திருந்தும் என்னைக் கூட்டிப் போக வந்த அத்தை, வீட்டுக்காரம்மாவோடு வாசலில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் பேசிவிட்டு, வெறுங்கையோடு கிளம்பினார். "எம்மவனுக்கு அழ இந்தத் தெருவுல இம்புட்டுப் பேரு இருக்காக. நீ இங்கனயே கெட" என்றார். என் மிஷின் தப்பித்தது.

உண்மையைச் சொன்னால், ஒரு வாரம் எல்லோரும் வந்து போனார்கள். அப்புறம் அவரவர்க்கு அவரவர் வேலை. என் பகல்கள் பழையபடி நீளமாயின.

லீவில் வந்த என் கணவர் முதலில் கேட்டது குழந்தையைப் பற்றி அல்ல. "எத்தனை பேர் வந்தாங்க? யார் யார் அழுதாங்க?" அழுத வீடுகளுக்கெல்லாம் பால்கோவா வாங்கிக்கொண்டு போனார். செட்டியார்பட்டியில் இருந்த அவருடைய பள்ளித் தோழர் சின்னச்சாமி மட்டும் அன்றைக்கு வரவில்லை. அவரிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"ஏலே, நீதான் சாகலையேலே!" என்று அவர் கெஞ்சுவார்.

"அது அன்னைக்கு உனக்கு எப்படிலே தெரியும்?" என்பார் இவர்.

லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் பஸ்ஸில் ஏறிக்கொண்டே சொல்வார்: "லைட்டுக் கிட்டுக் கட்டிராத." நான் சிரிப்பேன். பஸ் திரும்பும்வரை சிரிப்பேன். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மூடிகள் இறுக்கமாக மூடியிருக்கும் வீட்டுக்கு வருவேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. பகலில் என் வீட்டில் லைட் எரிந்தால் வீட்டுக்காரம்மாவுக்குப் பொறுக்காது. எதிர்வீட்டிலிருந்து உடனே குரல் வரும்: "அம்மாயி! எல்லாரும் நல்லாத்தான இருக்காக?" குரலோடு நிற்காமல் சில சமயம் ஆளும் வரும். வந்தால் செத்த நேரம் உட்கார்ந்து, ஒரு காப்பி குடித்து, தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுத்தான் போவார்.

கடிதம் வராத நாட்கள் உண்டு. ரேடியோக்காரர் தவிர யாரும் வணக்கம் சொல்லாத நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் நான் எழுந்து போய் முன்னறை லைட்டைப் போடுவேன். போட்டுவிட்டு, இரண்டு டம்ளர் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன்.